மான்சூன் மலபார்: நம்ம ஊர் ஃபில்டரில் போடுவது எப்படி?

பள்ளத்தூர் டிக்காஷன்

காரைக்குடி வட்டாரத்தில் மான்சூன் மலபார் என்ற காப்பியை வரவழைத்துக் குடிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆளாளுக்கு ஒரு விதமாகப் போட்டுவிட்டு, "மண் வாசம் அடிக்கிறது", "சப்பென்று இருக்கிறது" என்று மற்ற இழைகளில் எழுதுகிறார்கள். அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் விட்டுக் குடிக்கிற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்பெஷாலிட்டி காப்பி கிடையாது. ஆனால் சிக்கரி கலக்கக் கூடாது, கருக வறுத்ததை வாங்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் சாதாரணத் தூளுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து கிளம்பிய காப்பிக்கொட்டை, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர ஆறு மாதம் வரை ஆகும். அவ்வளவு நாளும் மரக்கப்பலின் அடித்தட்டில் கடல் ஈரத்தைக் குடித்து, பச்சைக் கொட்டை வெளுத்து ஊதி, புளிப்பெல்லாம் போய்விடும். அங்கே வாங்குகிறவர்களுக்கு அந்த ருசியே பழகிவிட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பலும் பெருகியது, பயண நாள் சுருங்கியது. கொட்டை நிறம் மாறாமல் பச்சையாகவே போய் இறங்கியதும், பழைய ருசி எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த ருசிக்காக, மேற்குக் கரையிலேயே தென்மேற்குப் பருவக்காற்றில் கொட்டையைப் பரப்பி வைத்து அதே மாற்றத்தை உண்டாக்குகிறார்கள். இன்றைக்கு இது புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தால் முதலில் வருவது பர்மா தேக்கு அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசம். பின்னாலேயே லேசாகக் கிராம்பும் வறுத்த கடலையும் தெரியும். வாயில் புளிப்பு ஏறக்குறைய இல்லை. கனம் அதிகம். பால் விட்டாலும் அந்தக் கனம் கரைந்து போகாது, அதுதான் விஷயமே. ஐரோப்பாவில் எஸ்பிரசோ கலவைகளில் இதைச் சேர்ப்பதும் இந்தக் கனத்துக்காகத்தான்.

போடும் முறை. கரண்டிக் கணக்கு இதற்கு உதவாது. ஊதிய கொட்டை என்பதால் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. வழக்கமான பிளான்டேஷன் ஏ (தோல் நீக்கிக் கழுவிய கொட்டையில் ஒரு தரம்) தூள் அள்ளும் அதே கரண்டியில் இது குறைவாகத்தான் ஏறும். டிக்காஷன் சப்பென்று இருப்பதாகச் சொல்பவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சின்ன எடைமெஷின் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு 24 கிராம் தூள், 150 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், கீழே 100 மில்லி இறங்கும்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் 40 மில்லி மட்டும் ஊற்றி, மூடாமல் கவனியுங்கள். தூள் மெல்லப் புடைத்து எழும்பும், நடுவில் சின்னச் சின்னக் குமிழி வந்து உடையும், ஓரத்தில் பழுப்பு நுரை கட்டும். வறுத்து ரொம்ப நாளான தூளாக இருந்தால் அசையவே அசையாது. ஒரு நிமிடம் கழித்து மீதித் தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிடலாம். இறங்க 15 முதல் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிட்டால் தூள் கொரகொரப்பு. அரைமணி தாண்டினால் ரொம்ப நைஸ்.

உங்கள் வீட்டில் எப்படிப் போடுகிறீர்கள்?

ஆத்தங்குடி வாசல்

அண்ணே, நல்ல நேரத்தில் எழுதினீர்கள். மகள் பெங்களூரிலிருந்து கால் கிலோ வாங்கி வந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் இதுநாள் வரை காப்பி 60, சிக்கரி 40 என்ற கலவைதான். அதே ஃபில்டரில் இந்தத் தூளைப் போட்டால் தண்ணீர் சரசரவென்று கீழே இறங்கிவிடுகிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதில் காப்பியே இல்லை" என்று டம்ளரை வைத்துவிட்டார். கொஞ்சம் சிக்கரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று. எங்கள் வீட்டு வளவு பெரியது, நாலு பக்கமும் தாழ்வாரம், காற்றுக்குக் குறைவில்லை. பச்சைக் கொட்டை வாங்கி ஐப்பசி மழையில் நாமே பரப்பி வைத்து இதைச் செய்து பார்க்க முடியாதா?

பள்ளத்தூர் டிக்காஷன்

தண்ணீர் ஓடுவதற்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சிக்கரிதான் நீரை உறிஞ்சிப் பிடித்து மெதுவாக விடுகிறது. அது இல்லாதபோது அந்த வேலையைத் தூள்தான் செய்ய வேண்டும். மில்லில் வழக்கத்தைவிட ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லுங்கள். காம்பு வைத்த ஓட்டைத் தட்டைத் தூள்மேல் வைத்துக் கொஞ்சம் அழுத்திவிடுங்கள், இறுக்க வேண்டாம்.

சிக்கரி சேர்த்தால் குறைவது அந்த மர வாசமும் கிராம்பும்தான். சிக்கரி கொடுக்கும் கருப்பும் கெட்டியும் அம்மாவுக்குப் பழகியது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கனத்துக்காகத்தானே சிக்கரி போடுகிறோம்? இந்தக் கொட்டையில் அது கூடவே வருகிறது. சட்டப்படி கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான் கட்டாயம். மான்சூன் மலபார் விலைக்கு வாங்கி, அதில் பாதியைச் சிக்கரிக்கு விட்டுக்கொடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கு முதல் வாரம் பாலைக் குறைத்து, டிக்காஷனைக் கூட்டிக் கொடுங்கள்.

வளவில் பரப்புவது பற்றி வறுவல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வறுவல் கூடம்

சொல்கிறேன். சிக்மகளூர்ப் பக்கம் வறுவல் வேலை பார்த்தவன், இந்தப் பருவக்காற்று வேலை நடக்கும் மங்களூர்க் கிடங்குகளுக்கும் போய் வந்திருக்கிறேன்.

முதலில், எல்லாக் கொட்டையும் இதற்கு ஆகாது. பழத்தோலோடு வெயிலில் காயவைத்து எடுத்த கொட்டைதான் வேண்டும். தோல் நீக்கிக் கழுவிய பிளான்டேஷன் ரகத்தை எடுப்பதில்லை. ஜூனில் மழை பிடித்ததும் காற்றோட்டமான கிடங்கின் தரையில் நாலு முதல் ஆறு அங்குல உயரத்துக்குப் பரப்புவார்கள். ஆட்கள் அதைக் கிளறிக் கிளறி விட்டுக்கொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் அடிக்கொட்டை புழுங்கிவிடும். ஈரம் ஏறியதும் சாக்கில் தளர்வாகக் கட்டி, வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு அடுக்குவார்கள், காற்று உள்ளே புகுந்து வெளியே போக வேண்டும். அப்புறம் அவ்வப்போது சாக்கைக் கொட்டிக் கலந்து மறுபடி கட்டுவார்கள். 12 முதல் 16 வாரம் இதே வேலை. கடைசியில் சரியாக ஊதாத கொட்டையைப் பொறுக்கித் தள்ளுவார்கள். நல்ல சரக்கைக் கையில் அள்ளினால் வெளிர் மஞ்சளாக, பருத்து, லேசாக இருக்கும்.

ஆத்தங்குடியில் ஏன் முடியாது என்றால், காற்று வேறு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம், அதுவும் இதே தென்மேற்குக் காற்றுதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு நம் பக்கம் வரும்போது காய்ந்துபோய் வருகிறது. நமக்கு மழை வடகிழக்கிலிருந்து, ஐப்பசியிலும் கார்த்திகையிலும். இரண்டு நாள் கொட்டும், அப்புறம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மங்களூர்க் கரையில் மூன்று நாலு மாதம் ஒரே சீராக ஈரக்காற்று வீசுகிறது, கொட்டை அதை மெல்ல மெல்ல வாங்கிக்கொள்கிறது. விட்டு விட்டு வரும் ஈரத்தில் பூஞ்சைதான் பிடிக்கும். பூஞ்சை பிடித்த காப்பிக்கொட்டையில் ஓக்ராடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம்.

தேவகோட்டை லைட் ரோஸ்ட்

இந்த இழையில் எதிர்க்குரல் ஒன்றாவது இருக்கட்டும். எனக்கு இந்தக் காப்பி பிடிக்கவில்லை, காரணம் சொல்கிறேன்.

ஸ்பெஷாலிட்டி என்றால் எந்த மலை, எந்த உயரம், எந்த ரகம் என்பது கோப்பையில் தெரிய வேண்டும். ஏற்காட்டுக் காப்பியையும் கீழ்ப்பழனி மலைக் காப்பியையும் லேசாக வறுத்துக் குடித்தால் இரண்டும் வேறு வேறு என்று நாக்கே சொல்லும். மான்சூன் மலபாரில் அந்த அடையாளம் முழுக்க அழிந்துவிடுகிறது. விளைந்த இடம் போய், கிடங்குதான் ருசிக்கிறது. புளிப்பு என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் நல்ல காப்பியின் புளிப்பு ஆரஞ்சுச் சுளையில் இருக்கும் புளிப்பு, கெட்டுப்போன புளிப்பு அல்ல. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மீதமிருப்பதை விசேஷம் என்று விற்பது எனக்கு ஏற்பில்லை. போதாக்குறைக்கு, பழைய சரக்கில் வரும் சாக்கு வாசமும் இதுவும் ஒன்றுதானே? காப்பி ருசிபார்ப்பவர்கள் அதைக் குறை என்றுதானே எழுதுவார்கள்?

வறுவல் கூடம்

கடைசிக் கேள்வி நியாயமானது. இரண்டும் ஒன்றல்ல. கிடங்கில் கிடந்து பழசான கொட்டை காகிதம் மென்றாற்போல் இருக்கும், இனிப்பும் இருக்காது கனமும் இருக்காது. சரியாகப் பதமான மான்சூன் மலபாரில் கனம் கூடியிருக்கும், அடியில் இனிப்பு இருக்கும். பூஞ்சை நெடி அடித்தால் அது கெட்ட சரக்கு, அதற்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். அப்படிப்பட்டதும் சந்தையில் வருகிறது என்பது உண்மை.

இன்னும் ஒன்று. இதை வறுப்பது கடினம். கொட்டை மென்மையானது, சட்டென்று சூடேற்றினால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். நிதானமான தீயில், நடுத்தரத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எண்ணெய் வழிய வழிய வறுத்ததைக் குடித்துவிட்டு மான்சூன் மலபார் கசக்கிறது என்று முடிவு கட்டுவது சரியல்ல. நீங்கள் குடித்தது எந்த வறுவல்?

கொட்டான்

தம்பிமார்களே, எல்லாரும் கொட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி யாருமே எழுதவில்லையே. எங்கள் அப்பத்தா காலத்தில் கானாடுகாத்தான் வீட்டில் காப்பிக்கும் பருப்புக்கும் ஊருணித் தண்ணீர்தான். கிணற்றுத் தண்ணீர் புழங்குவதற்கு. மழை வந்தால் வளவு ஓட்டிலிருந்து விழும் தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, அண்டாவில் பிடித்து வெள்ளைத்துணி கட்டி வைப்பார்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்கள். இதெல்லாம் சும்மா வந்த பேச்சல்ல.

இப்போது நாங்கள் புது வீட்டில் இருக்கிறோம், போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. ஆர்.ஓ. மெஷினும் வைத்திருக்கிறோம். ஒரே தூள், ஒரே ஃபில்டர், இரண்டு தண்ணீரிலும் இரண்டு ருசி. மான்சூன் மலபாருக்கு எது நல்லது?

நீர்க்கணக்கு

ஆச்சி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். தண்ணீர்ப் பரிசோதனை என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காப்பியில் இருக்கும் ருசியை இழுத்து வெளியே கொண்டுவரத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். ஒன்றுமே இல்லாத தண்ணீரில் காப்பி மெலிந்தும் கூர்மையாகவும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் சுத்த மழைத்தண்ணீரிலும் நடப்பது அது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது என்பது ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கத்தின் பழைய அளவுகோல், 75 முதல் 250 வரை பரவாயில்லை. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல வீடுகளில் இதைத் தாண்டிப் போகும்.

ஆனால் காப்பிக்கு எமன் வேறொன்று: காரத்தன்மை. பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீர் காப்பியின் புளிப்பைத் தேடிப் பிடித்து அணைத்துவிடும். தேவகோட்டை நண்பர் சொல்லும் ஆரஞ்சுப் புளிப்பு அப்படிப்பட்ட போர் தண்ணீரில் சுண்ணாம்புத் தண்ணீர் ருசியாக மாறிவிடும். மான்சூன் மலபாரில் அணைக்கப் புளிப்பே இல்லை. அதனால் நம் ஊர்த் தண்ணீரில் அதிகம் அடிபடாத காப்பி இது. பள்ளத்தூர் அண்ணன் பாலை வைத்துச் சொன்ன காரணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்கு வழி: ஆர்.ஓ. தண்ணீரில் போர் தண்ணீரைக் கலந்து, கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் 100-க்கும் 150-க்கும் இடையே கொண்டுவாருங்கள். மெஷின் இல்லாதவர்கள் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க அசையாமல் வைத்து, காலையில் மேலாக இறுத்துக்கொள்ளலாம். பைகார்பனேட்டில் ஒரு பகுதி வெள்ளையாக அடியில் படிந்துவிடும், அது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். உவர்ப்பாக இருக்கும் தண்ணீருக்கு இது உதவாது.

தேவகோட்டை லைட் ரோஸ்ட்

வறுவல் கூடம் அண்ணன் கேட்டதற்குப் பதில். முன்பு குடித்தது கருக வறுத்ததுதான். இப்போது நடுத்தர வறுவல் ஒன்று வரவழைத்து, ஏற்காட்டுக் கழுவிய கொட்டையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முறையாகவே செய்தேன்: 150 மில்லிக்கு 8.25 கிராம், கொரகொரப்பாக அரைத்து, 93 டிகிரித் தண்ணீர், 4 நிமிடம். அப்புறம் மேலே கட்டியிருக்கும் தூள் ஏட்டைக் கரண்டியின் பின்புறத்தால் தள்ளி உடைத்து, மூக்கை டம்ளருக்குள்ளேயே வைத்து முகர்ந்தேன்.

ஏட்டை உடைத்ததும் ஏற்காட்டுக் கொட்டையிலிருந்து பூவும் எலுமிச்சையும் எழுந்தன. மான்சூன் மலபாரிலிருந்து ஜாதிக்காய், மரம், கூடவே கொஞ்சம் புகையிலை. பூஞ்சை நெடி இல்லை. அந்தக் குற்றச்சாட்டை இந்தச் சரக்கின்மேல் வைக்க முடியாது. ஆற ஆற ஏற்காட்டுக் காப்பி இன்னும் நன்றாகிக்கொண்டே போனது, இது சூட்டில் இருந்தபடியே கடைசி வரை நின்றது. பால் விட்டபோது நிலைமை தலைகீழ். ஏற்காட்டுக் காப்பி பாலில் காணாமல் போனது, இது நின்றது.

ஆகவே பால் காப்பிக்கு உங்கள் கட்சி சரி. கறுப்புக் காப்பிக்கு என் கட்சியை நான் விடவில்லை. ஒரு மலையின் ருசியை மாற்றாமல் அப்படியே குடிப்பதில்தான் எனக்கு மதிப்பு.

பள்ளத்தூர் டிக்காஷன்

இவ்வளவு பொறுமையாகச் சோதித்து எழுதியதற்கு நன்றி. கறுப்புக் காப்பிக்கு உங்களோடு வாதாடப் போவதில்லை. ஆனால் "கிடங்குதான் ருசிக்கிறது" என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. அந்த ருசியைக் கொடுப்பது கரையில் வீசும் காற்று. அந்தக் காற்றும் ஓர் இடத்துக்கு உரியதுதானே? அதனால்தான் ஆத்தங்குடியில் செய்ய முடியாது என்று சற்று முன்னால் படித்தோம்.

இரண்டாம் டிக்காஷன் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். வேண்டாம். மற்றத் தூளில் எடுப்பதுபோல் இதில் எடுத்தால் வெறும் மர ருசிதான் வரும். ஆளுக்கு அரை டம்ளர் கூட வேண்டுமானால் தூளைக் கூட்டிப் போடுங்கள்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பசும்பாலை ஒரே ஒரு கொதி. சுண்டக் காய்ச்சிய பாலில் ஏடும் இனிப்பும் ஏறி வாசத்தை அமுக்கிவிடும். 50 மில்லி டிக்காஷனுக்கு 100 மில்லி பால். சீனி போட்டுக் குடிப்பவர்கள் எப்போதும் போடுவதில் பாதி போட்டுப் பார்த்துவிட்டு மேலே போடுங்கள். கருப்பட்டி இதற்குச் சேராது, அதன் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். கூடத் தின்ன தேன்குழலோ சீப்புச் சீடையோ நன்றாகச் சேரும். பால் பணியாரம், கந்தரப்பம் போன்ற இனிப்புப் பலகாரத்தோடு குடித்தால் காப்பி வெறும் கசப்பாகத் தெரியும்.

கொட்டான்

நீர்க்கணக்குத் தம்பி சொன்னபடி ஆர்.ஓ.வில் போர் தண்ணீர் கலந்து, மீட்டரில் 130 வந்ததும் நிறுத்திப் போட்டோம். வெறும் போர் தண்ணீரில் இருந்த சொரசொரப்பு நாக்கில் இல்லை, வெறும் ஆர்.ஓ.வில் வந்த மெலிவும் இல்லை. என் வீட்டுக்காரர் சீனி கேட்கவில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளை ஃபில்டர் ஒன்று பார்த்தேன், கனமானது, நல்ல வேலைப்பாடு. வாங்கலாமா? ஈயம் பூசியது போய்விட்டிருக்கிறது.

வறுவல் கூடம்

தாராளமாக வாங்குங்கள் ஆச்சி, கனமான பித்தளை சூட்டை விடாமல் பிடித்துவைக்கும், டிக்காஷன் ஒரே சூட்டில் இறங்கும். ஆனால் ஈயம் பூசாமல் புழங்கவே கூடாது. பூசுகிறவரிடம் சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுப் பூசச் சொல்லுங்கள், காரீயம் கலந்தால் உடம்புக்குக் கேடு. அடித்தட்டு ஓட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பழைய ஃபில்டர்களில் ஓட்டை பெரிதாகத் தேய்ந்திருந்தால் சிக்கரி இல்லாத தூள் நிற்காது.

ஆத்தங்குடி வாசல்

நைசாக அரைத்து வாங்கினேன், எடை போட்டு, தட்டை அழுத்தி வைத்தேன். கால்மணிக்கு மேல் இறங்கியது. அம்மாவுக்குப் பாதி டிக்காஷன் பாதி பால் என்று கொடுத்தேன். முழுதும் குடித்தார். நாளைக்கும் இதையே போடச் சொன்னார், ஆனால் மாலைக் காப்பி மட்டும் பழைய தூளில் வேண்டுமாம். அப்படியே நடக்கிறது.

கால் கிலோ தீரப் போகிறது. அடுத்து எப்போது வாங்கினால் புதுச் சரக்கு கிடைக்கும்?

வறுவல் கூடம்

காற்று வேலை செப்டம்பர் வாக்கில் முடியும், பொறுக்கித் தரம் பிரித்து வெளியே வர அதற்கு மேலும் சில வாரம். ஆகவே தீபாவளி தாண்டி வாங்கினால் அந்த வருடச் சரக்கு வர ஆரம்பித்திருக்கும். விற்பவரிடம் எந்த வருடத்து மழை என்று கேளுங்கள். நல்ல வறுவல்காரருக்குப் பதில் தெரிந்திருக்கும். பாக்கெட்டில் காலாவதித் தேதி மட்டும் போட்டு, வறுத்த தேதி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரேயடியாக ஒரு கிலோ வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குக் கால் கிலோவாக வாங்குவதே நல்லது. முடிந்தால் கொட்டையாக வாங்கி, வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி, அடுப்படியில் வைக்காமல், இரண்டாம் கட்டு அலமாரியில் வையுங்கள்.